பேசும் பாவைகள்: பழுதும் பாதுகாப்பும்

பாவை பேசுதல் தமிழ்க் காப்பியத்திற்குப் புதியதன்று. மணிமேகலையில் தூணின்கண் அமைந்த கந்திற்பாவை, நடந்ததையும் நடக்கவிருப்பதையும் வாய்திறந்து உரைக்கின்றது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி, விசயையைச் சுமந்து வானிற் பறக்கின்றது. முன்னது தெய்வத்தின் ஆற்றலாற் பேசுவது, அசையாது. பின்னது தச்சனின் கைத்திறத்தால் அசைவது; பேசாது. அசைவையும் பேச்சையும் ஓருடலில் இணைத்து, அதனை ஒரு குழந்தையின் கையிற் கொடுத்தல் காப்பியக் கற்பனையிலும் இடம்பெறாத ஒன்று. அதனைச் செய்து முடித்தவர்கள் அண்மைக் காலத்துப் பொறியாளர்களே.

நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட பொருள், அமெரிக்க நாட்டில் உருவான பேசும் எந்திரப் பொம்மைகளும், அவை பழுதுறும் வகையும், அவற்றைச் செப்பனிட்டுச் சேகரிப்போர் மேற்கொள்ளும் நெறியும் ஆகும். தமிழ்த்துறை மலரில் பொம்மைக்கு இடமுண்டோ என்று மாணவர் வினவலாம். குரலும் மொழியும் நம் துறைக்கு உரியன. குரலைத் தன்னுட் சேமித்து வைத்த பொருள், கல்வெட்டாயினும் கரடிப் பொம்மையாயினும், நம் பார்வைக்குப் புறம்பாகாது.

சமுதாயப் பெரியவர்கட்கு வேறொரு வினா எழுதலும் இயல்பே. உருவப் பொம்மைகளைப் பற்றி இத்துணை விரித்துப் பேசுதல் தகுமா என்பது அது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளமையிற் பாவைகளை வைத்து விளையாடியதும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுக்காதிருந்ததும் புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளன. துணியாற் செய்த சிறகுகளையுடைய குதிரைப் பொம்மை பற்றிய செய்தி அபூதாவூதில் உள்ளது. சிறார் விளையாட்டுப் பொருள்களுக்கு மார்க்கச் சட்ட அறிஞர் பலர் விலக்களித்தமைக்கு இவை அடிப்படையாயின. வளர்ந்தோர் அவற்றைக் காட்சிப்பேழையில் அடுக்கி வைப்பதும் அவ்விலக்கில் அடங்குமா என்பதனை அறிஞர் பெருமக்களே கூறுதல் வேண்டும். நாம் பேச வந்தது பொறியின் நுட்பமும் குரலின் கதியுமே.

பொறிநுட்பத்தில் இசுலாமிய உலகிற்கு உள்ள பங்கினை ஈண்டு ஒருவாறு சுட்டிச் செல்வோம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாது நகரில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர் மூவரும், நீரின் விசையால் தானே இசைக்கும் குழற்கருவியை விளக்கி எழுதினர். அல்-ஜஸரி 1206இல் முடித்த பொறிநூலில், படகில் அமர்ந்து குழலூதி முழவு கொட்டும் இசைவாணர் பாவைகளும், அரைமணிக்கு ஒருமுறை உயிர்த்தெழும் ஆனைக் கடிகாரமும் உள்ளன. கலத்தில் நீர் நிறையும்போது வெளியேறும் காற்றே குழலை ஊதிற்று. எம்மைக் கவர்ந்தது அப்பாவைகளைக் காட்டிலும் அவர் எழுதிய முறையே. ஒவ்வோர் உறுப்பின் அளவும், உலோகமும், வார்க்கும் முறையும், பொருத்தும் வரிசையும் ஒரு கைவினைஞன் மீண்டும் செய்துகொள்ளத்தக்க வகையில் அவர் தந்துள்ளார். 1974இல் டொனால்டு ஹில் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1976இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய நீர்க்கடிகாரம் மீண்டும் உருவாக்கப்பெற்றது. எழுநூற்றெழுபது ஆண்டுகட்குப் பின்னும் ஒரு பொறியைச் செப்பனிட இயன்றதெனின், செய்தவன் எழுதிவைத்தமையே அதற்குக் காரணம். பிற்காலத்துப் பொம்மைத் தொழிலகங்கள் இவ்வழக்கத்தைப் பின்பற்றவில்லை. அதன் விளைவை மேலே காண்போம்.

மெழுகில் அடங்கிய குரல்

ஐரோப்பாவில் மனிதக் குரலைப் பொறியால் எழுப்ப முயன்றோருள் வுல்ஃப்கங் வான் கெம்பெலன் குறிப்பிடத்தக்கவர். நுரையீரலுக்குத் துருத்தியும், குரல்வளைக்கு நாணலும் வைத்துத் தாம் அமைத்த பேச்சுப் பொறியைப் பற்றி 1791இல் நூல் வெளியிட்டார். ‘மாமா’, ‘பாப்பா’ எனக் கூறும் பொம்மைக்கு யோகான் மேல்சல் 1824இல் பாரிசில் காப்புரிமை பெற்றார். இவை ஒலியைப் படைத்தன; ஒருவர் குரலைச் சேமிக்கவில்லை.

சேமித்த குரலைப் பொம்மையின் வயிற்றில் முதன்முதலாக வைத்து விற்றவர் தாமஸ் ஆல்வா எடிசன். ஆண்டு 1890. பொம்மையின் உயரம் ஏறத்தாழ 22 அங்குலம். உடற்கூடு உலோகத்தகடு, கைகால்கள் மரம், தலை ஜெர்மனியிலிருந்து வருவித்த பீங்கான். உடலினுள்ளே மெழுகு வளையம் ஒன்று சுழலும். முதுகிலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் ஊசி மெழுகின்மேல் ஓடிக் குழந்தைப் பாடல் ஒன்றின் சில அடிகளை ஒலிக்கும். ஒரு பதிவிலிருந்து பல படிகள் எடுக்கும் முறை அன்று கைவரவில்லை. ஆதலின் ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியே ஒரு பெண், தொழிற்சாலையில் அமர்ந்து, உரத்த குரலில் அப்பாடலை ஒப்புவிக்க வேண்டியிருந்தது. ஒரே பாடலை நாள்முழுதும் கூவிய அப்பெண்களின் பெயர்களைப் பொம்மை வாங்கியோர் அறியார்.

இம்முயற்சி சில வாரங்களிலேயே தோற்றது. ஏறத்தாழ 2,500 பொம்மைகள் கடைகளுக்கு அனுப்பப்பெற்றன. விற்றவை 500க்கும் குறைவு என்பர். விற்றவற்றிலும் பல திரும்பி வந்தன. மெழுகு விரைவில் தேய்ந்தது. ஊசி இடம்பெயர்ந்தது. கைப்பிடியை ஒரே சீரான வேகத்திற் சுழற்றினாலன்றிக் குரல் குரலாக ஒலியாது. ஐந்து வயதுக் குழந்தையிடம் அதனை எதிர்பார்த்தது பெரியவர்களின் பிழையேயன்றிக் குழந்தையின் பிழையன்று. தலையும் கைகாலும் நலமாயிருக்க, குரல் மட்டும் முதலில் இறந்தது. பின்வந்த பேசும் பொம்மைகள் அனைத்திற்கும் இதுவே தலைவிதியாக அமைந்தமை கருதத்தக்கது.

மாட்டெல் நிறுவனம் 1959 முதல் 1965 வரை செய்த ‘சாட்டி கேத்தி’ என்னும் பொம்மையை எடுத்துக்கொள்வோம். கழுத்தின் பின்னுள்ள வளையத்தைப் பிடித்து இழுத்தால் கயிறு நீளும். விட்டவுடன் வில்லின் விசையால் உள்ளிருக்கும் சிறு இசைத்தட்டுச் சுழன்று, 11 தொடர்களுள் ஏதேனும் ஒன்றைப் பேசும். குரல் தந்தவர் ஜூன் ஃபோரே என்னும் புகழ்பெற்ற குரற்கலைஞர். இன்று கிடைக்கும் அப்பொம்மைகளுள் ஊமையானவை மிகுதி. தலைமுடி பளபளக்கும், கண்ணிமை திறந்து மூடும், வளையத்தை இழுத்தால் மட்டும் உறுமலொலி ஒன்று வரும், அல்லது எதுவும் வாராது. தட்டினைச் சுழற்றும் இரப்பர்ப் பட்டை உள்ளேயே இளகிக் கரும்பிசினாகப் போயிருக்கும். வில்லும் தட்டும் கெடாதிருக்க, சில காசு பெறும் இரப்பர் வளையம் ஒரு குரலை அடைத்து வைத்திருக்கும்.

கரடியின் நாவு

வாயசைவும் பேச்சும் ஒத்தியங்கும் பொம்மைகளுள் தலைசிறந்தது 1985இல் வெளிவந்த ‘டெடி ரக்ஸ்பின்’ என்னும் கரடி. இதனைப் படைத்தவர் டிஸ்னி நிறுவனத்திற் பணியாற்றிய கென் ஃபோர்ஸ் (1936–2014). பூங்காக்களில் பேருருவப் பாவைகளை அசைவித்த நுட்பத்தை ஒரு குழந்தையின் மடியில் அடங்குமளவிற்குச் சுருக்கியதே அவர் செய்த அருஞ்செயல். கலிபோர்னியா மாநிலத்து ஃபிரீமாண்டு நகரில் இயங்கிய ‘வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர்’ நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. ஏறத்தாழ 70 டாலர் விலையாயினும், 1985, 1986 ஆகிய ஈராண்டுகளிலும் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற பொம்மைகளுள் முன்னின்றது.

அதன் நுட்பம் வியக்கத்தக்க எளிமையுடையது. கரடியின் முதுகில் ஒலிநாடாக் கருவி ஒன்று. நாம் பாட்டுக் கேட்டுப் பழகிய அதே அளவு கேசட்தான். ‘ஸ்டீரியோ’ நாடாவில் இரு தடங்கள் உண்டென்பதை அறிவோம். ஒரு தடத்தில் கதை சொல்லும் குரலைப் பதித்தனர். மறுதடத்தில் குரலேயில்லை, துடிப்புகளின் வரிசை மட்டுமே உண்டு. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலுள்ள கால இடைவெளி, கண், மேற்றாடை, கீழ்த்தாடை ஆகிய மூன்றையும் இயக்கும் மோட்டார்கள் எந்நிலையில் நிற்கவேண்டும் என்பதை ஆணையிடும். அந்நாடாவைச் சாதாரண ஸ்டீரியோக் கருவியிலிட்டால் ஒருபுறம் கரடியின் கதையும், மறுபுறம் வண்டின் இரைச்சல் போன்றதோர் ஒலியும் கேட்கும். அவ்விரைச்சல்தான் கரடியின் முகபாவம்! ‘கிரப்பி’ என்னும் துணைப்பொம்மையைக் கம்பியால் இணைத்தால், அதற்குரிய ஆணைகளையும் அந்நாடாவே வழங்கும்.

சொல்லைக் கேட்டு வாயசைக்கும் அறிவு கரடிக்கு இல்லை. சொல்லும் அசைவும் ஒருங்கே எழுதப்பெற்றுப் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, ஒன்றையொன்று அறியா. எழுத்தும் ஒலியும் பற்றிப் பாடம் கேட்கும் மாணவர்க்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது என்பது எம் கருத்து.

நிறுவனத்தின் வாழ்வு குறுகியதாயிற்று. 1986இல் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. 1987 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே நிறுவனம் கடன்தீர்க்க இயலாமை வழக்கினைத் தாக்கல் செய்தது. பின்னர்க் கரடி கைமாறிக் கைமாறி வந்தது. 1991இல் பிளேஸ்கூல், 1998இல் யெஸ் எண்டர்டெயின்மெண்ட், 2005இல் பேக்பேக் டாய்ஸ், 2017இல் விக்கெட் கூல் டாய்ஸ் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொறியமைப்பைக் கையாண்டனர். ஒருவர் கேசட் வைத்தார். ஒருவர் தனிவகைப் பேழை வைத்தார். பின்வந்தோர் எண்மமுறைச் சில்லு வைத்தனர். 2017இல் வந்த கரடிக்குக் கண்ணே சிறுதிரையாயிற்று. ஒருவர் செய்த கதைப்பேழை மற்றவர் கரடியில் ஏறுவதில்லை. பெயரும் உருவமும் ஒன்று, நாக்கு வேறு. உதிரி உறுப்புகளை வழங்கவோ, பழுது நீக்கும் முறையை உரைக்கவோ முதல் நிறுவனத்தார் இலர். 1985ஆம் ஆண்டுக் கரடி ஒன்று இன்று ஊமையானால், அதனைத் திறந்து பார்த்துத் தாமே அறிந்துகொள்ளும் ஆர்வலரையன்றி அதற்கு வேறு புகலில்லை.

பழுது நீக்குவோர் கைமுறை

ஆர்வலர் பலரும் கைக்கொள்ளும் முறையைச் சற்றே விரித்துரைப்போம். முதலில் மின்கலப் பெட்டி. ஆண்டுக்கணக்கில் எடுக்காது விட்ட மின்கலம் கசிந்து, தகடுகளில் வெண்பூஞ்சை போற் படிந்திருக்கும். காரவகை மின்கலத்தின் கசிவாதலால், காடி தோய்த்த பஞ்சினால் துடைக்க அது கரையும். பின் நீரிற் பிழிந்த துணியால் துடைத்து, நன்கு உலர்த்தி, உப்புத்தாள் கொண்டு மெல்லத் தேய்த்தல் வேண்டும். இதனோடு உயிர்பெறும் பொம்மைகளும் உண்டு.

அடுத்தது பட்டை. முதுகுத் தையலைப் பிரிக்குங்கால் நூலை வெட்டவேண்டுமேயன்றித் துணியை வெட்டலாகாது. பிரித்த துளைகளின் வழியே மீண்டும் தைத்தாற்றான் வடுத் தெரியாது. கருவியைத் திறந்தால், இரப்பர்ப் பட்டை தளர்ந்தோ, வெடித்தோ, பிசினாகியோ இருக்கும். பிசினைச் சிறிதும் எஞ்சாமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்த பின்னரே புதுப்பட்டை இடுதல் வேண்டும். துகள் ஒன்று கப்பியில் ஒட்டியிருந்தாலும் குரல் நடுங்கும். ஒலித்தலையையும், நாடாவை அழுத்தும் இரப்பர் உருளையையும் அவ்வாறே துடைப்பர். பற்சக்கரங்களில் இறுகிப்போன பழைய கிரீசை நீக்கி, பிளாஸ்டிக்கைத் தின்னாத புதிய கிரீசைத் துளியளவு இடுவர். மிகுதியாக இடுவது புதியவர் செய்யும் பிழை.

மூன்றாவது வேகம். கேசட் நாடா நொடிக்கு 4.76 செண்டிமீட்டர் ஓடவேண்டும் என்பது விதி. கரடியைப் பொறுத்தவரை இவ்விதி இரட்டிப்பு முதன்மை உடையது. நாடா மெதுவாக ஓடினால் குரல் தடிப்பதோடு, மறுதடத்துத் துடிப்புகளின் இடைவெளியும் நீளும். இடைவெளியே ஆணையாதலின் தாடைகளின் நிலையும் பிறழும். கதை முடிந்த பின்னும் வாய் மூடாதிருக்கும் கரடியின் குற்றம் தாடையிலன்று, முதுகிலுள்ள பட்டையிலே இருத்தல் கூடும்.

வேகத்தைப் பற்றி எழுதுகையில் எம் துறையில் நேர்ந்த ஒன்றைக் கூறாது செல்ல மனம் வரவில்லை. மறைந்த பேராசிரியர் ஒருவர் சீறாப்புராணம் பற்றி ஆற்றிய பொழிவு ஒரு கேசட்டில் இருந்தது. துறையிலிருந்த பழைய ஒலிப்பதிவுக் கருவியின் பட்டை பிசினாகியிருக்கவே, நாமே புதுப்பட்டை இட்டோம். அதுவரை சரி. பின் மோட்டாரின் புறத்திலுள்ள வேகத் திருகினை, அளந்து பாராமல், காதை மட்டும் நம்பித் திருப்பி வைத்தோம். கூடத்தில் ஒலிபரப்பியபோது பேராசிரியரின் கனத்த குரல் சிறுவன் குரலாகக் கீச்சிட்டு ஓடிற்று. அவரை அறியாத மாணவர் சிரித்தனர். முன்வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய மகனார் ஒன்றும் கூறாது எழுந்து வெளியே சென்றார். சொற்கள் அத்தனையும் அவருடையவே, ஓரெழுத்தும் குறையவில்லை. ஆயினும் அங்கே பேசியவர் அவரல்லர். அளவு தெரிந்த ஒலியைப் பதித்த சோதனை நாடாவை வைத்து வேகத்தைச் சரிசெய்த பின்னரே மீண்டும் அதனை ஒலிக்கச் செய்தோம். இம்முறை அழைத்தும் மகனார் வரவில்லை.

கருவியைப் போன்றே கதைநாடாவும் முதுமையடையும். நாடாவை ஒலித்தலையோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு பசை காய்ந்து உதிர்ந்துவிடுவதுண்டு. பேழையைத் திறந்து, புதுத்துண்டு ஒட்டி மீட்பர். படியெடுக்கும்போது இரு தடங்களையும் ஒன்றிற்கொன்று கலவாமல் தனித்தனியே எடுத்தல் வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி முறையை நிறுத்திவைத்தல் வேண்டும். அம்முறைக்குக் கரடியின் முகபாவமும் ஓர் இரைச்சலே! கணினியில் ஏற்றுவோர் ஒலிக்கோப்பைச் சுருக்காமல் முழுமையாக வைத்தலே நலம். காதை ஏமாற்றும் சுருக்கமுறை மோட்டாரை ஏமாற்றுமென உறுதியில்லை.

இங்கே ஆர்வலரிடையே கருத்து வேற்றுமை ஒன்று உண்டு. சிலர் பழைய நாடாக்கருவியையே எடுத்தெறிந்துவிட்டு, அவ்விடத்தே சிறு கணிப்பொறியை வைத்துக் கரடியை எதுவேண்டுமாயினும் பேசவைக்கின்றனர். அது வேடிக்கையாக இருக்கலாம், திறமையும் உண்டு. ஆனால் நாம் அதனைச் செப்பனிடுதல் என ஏற்கமாட்டோம். பட்டை தேய்வதற்கென்றே அமைந்த உறுப்பு, அதனை மாற்றலாம். மின்தேக்கி உலர்ந்தால் மாற்றலாம். குரல் வரும் வழியை மாற்றினால் எஞ்சுவது கரடித்தோல் போர்த்த வேறொன்று. மாற்றியே ஆகவேண்டுமெனின், எடுத்த உறுப்பினை ஒரு பையிலிட்டு, எந்நாளில் எதற்காக எடுத்தோம் என எழுதி, பொம்மையோடு வைத்தல் நன்று. அல்-ஜஸரி செய்ததும் அதுவேயன்றோ?

ஒரு மோட்டாரும் ஒரு பொய்யும்

1998 அக்டோபரில் டைகர் எலெக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட ‘ஃபர்பி’ வேறு வகையினது. டேவ் ஹாம்டன், கேலப் சங் ஆகிய இருவர் படைப்பு. ஆந்தையும் எலியும் கலந்தாற்போன்ற அதனுள் நாடா இல்லை. குரல் சில்லில் உள்ளது. 1978இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் எழுத்துக்கூட்டிப் பழகும் கருவி ஒன்றிற் புகுத்திய செயற்கைக் குரல் நுட்பத்தின் வழிவந்தது அது. கண், செவி, அலகு அனைத்தையும் ஒரே மோட்டார், மேடுபள்ளமான சக்கரங்களைக் கொண்டு இயக்குகின்றது. சிக்கனத்தில் சிறந்த அமைப்பு. ஆயினும் ஒரு பற்சக்கரம் விரிந்தால் முகம் முழுதும் உறைந்துவிடும். சாய்வை உணரும் சிறு உலோக உருண்டை துருப்பிடித்தாலும், தான் எந்நிலையில் இருக்கின்றோம் என்பதறியாது துயிலிலிருந்து எழமறுக்கும். செப்பனிடுவோர் பலர் முதலில் அதனைத் தட்டிப் பார்ப்பது இதனாலேயே.

வாங்கிய நாளில் தன் சொந்த மொழியிற் பிதற்றிய ஃபர்பி, நாளடைவில் ஆங்கிலச் சொற்களைப் பேசத் தொடங்கிற்று. தாம் பேசியதைக் கேட்டே கற்றுக்கொண்டது எனப் பலரும் நம்பினர். உண்மையில் அச்சொற்கள் அனைத்தும் தொழிற்சாலையிலேயே சில்லில் எழுதப்பெற்றவை; காலம் செல்லச்செல்ல ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இந்நம்பிக்கை எத்துணை வலிதாயிருந்ததெனின், அமெரிக்க நாட்டுப் பாதுகாப்பு முகமை தன் அலுவலகத்துள் ஃபர்பியைக் கொண்டுவரலாகாது எனத் தடைவிதித்தமை 1999 தொடக்கத்திற் செய்தியாயிற்று. மறைபொருளைக் கேட்டுப் பதிந்துகொள்ளுமோ என்னும் அச்சம்! ஒரு சொல்லையும் பதிந்துகொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. மூன்றாண்டுகளில் 4 கோடி ஃபர்பிகள் விற்றன.

திறவாப் பேழைகள்

சேகரிப்போருள் ஒருசாரார் பொம்மையைத் திறப்பதேயில்லை. தொழிற்சாலை முத்திரை குலையாத அட்டைப்பெட்டிக்குச் சந்தையில் விலை மிகுதி. திறந்தால் விலை வீழும். எனவே அப்பொம்மைகள் ஒருமுறையேனும் பேசியதில்லை. இவர்கள் பாதுகாக்கின்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை, பெட்டியைப் பாதுகாக்கின்றனர். இரப்பர் பெட்டியினுள்ளும் இளகுகின்றது. கிரீஸ் இருளிலும் இறுகுகின்றது. ஓடாதிருப்பதே ஒருவகைப் பழுதாகும் என்பது பொறியறிந்தோர் அனைவரும் உணர்ந்தது. குரலுக்காகவே செய்த பொருளைக் கேளாமல் வைத்திருப்போரைச் சேகரிப்போர் என்பதினும் காவலர் என்பதே பொருந்தும்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. அது நம் தென்னகத்தோடு தொடர்புடையது. மைசூர் வேந்தர் திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பெற்ற மரப்புலி, கீழே கிடக்கும் ஐரோப்பியனைக் கவ்வி நிற்கும். கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கி, புலி உறும, மனிதன் கையை உயர்த்தி ஓலமிடுவான். 1799 மே 4இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் அது இலண்டன் சென்றது. 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையில் காட்சிக்கு வைத்தனர். வந்தோரெல்லாம் கைப்பிடியைச் சுழற்ற, பக்கத்து நூலகத்திற் படித்திருந்தோர் அவ்வோலத்தால் அல்லலுற்றனர். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் கூரை வீழ்ந்து பல நூறு துண்டுகளாயிற்று. துண்டுகளைச் சேர்த்து ஒட்டி 1947இல் மீண்டும் காட்சிக்கு வைத்தனர். இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் உள்ளது. அளவின்றிச் சுழற்றிய கைகளும் அதற்குக் கேடு. ஒருநாளும் சுழற்றாமையும் கேடு. நாம் இருதிறத்தாருக்கும் கூறுவது ஒன்றே. ஆண்டிற்குச் சிலமுறை, அறிந்த கையால், எண்ணி இயக்குதல் வேண்டும். இயக்கும்போதே குரலைப் பதிந்தும் வைத்தல் வேண்டும்.

ஆயினும் தொடவே கூடாத பொம்மைகளும் உள. எடிசனின் மெழுகு வளையங்கள் அத்தகையன. ஒருமுறை ஊசியை வைத்தால் அதுவே இறுதிமுறையாகிவிடக் கூடும். அவற்றை வைத்திருந்த அமெரிக்க இணையர் இவ்வச்சத்தால் நெடுங்காலம் ஒலிக்கச் செய்யாது காத்தனர். திறவாப் பெட்டிக்காரரை மேலே குறைகூறிய நாம், இவர்களைப் பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம். இவர்கள் விலைக்காகக் காக்கவில்லை. வழி பிறக்கும்வரை காத்தனர்.

வழி பிறந்தது. கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்து இயற்பியலார், ஊசியே இல்லாமல் ஒலிப்பள்ளங்களை நுண்ணோக்கியால் படமெடுத்து, அப்படத்திலிருந்து கணினியால் ஒலியைக் கணித்தறியும் முறையை வகுத்தனர். 2011இல் அம்முறையாற் படித்தது, எடிசன் கூடத்தில் 1888ஆம் ஆண்டளவில் செய்த வெள்ளீய வளையம் ஒன்றை. நெளிந்து வட்டம் குலைந்திருந்தமையால் எந்தக் கருவியிலும் ஏற்ற இயலாதிருந்தது அது. பின்னர் மெழுகு வளையங்களும் அம்முறையிற் படிக்கப்பெற்று, 2015இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையினரால் எடிசன் பொம்மைகளின் பதிவுகள் எட்டு பொதுமக்கள் கேட்க வெளியிடப்பெற்றன. நாமும் கேட்டோம். வெள்ளீய வளையத்தில் இருப்பது சில நொடிகளே. இரைச்சலுக்கிடையே ஒரு பெண், விண்மீனைப் பற்றிய குழந்தைப் பாடலின் முதலடிகளைச் சொல்லுகின்றாள். பெரிதும் முயன்று, உரக்க, ஒவ்வொரு சொல்லாக உச்சரிக்கின்றாள். வளையம் முடிவதற்குள் சொல்லி முடிக்கவேண்டும் என்னும் விரைவு அக்குரலில் இன்னும் இருக்கின்றது.